பெந்தெகோஸ்துத் தீவின் குருவானவர்

1768-ஆம் ஆண்டு பெந்தெகோஸ்துப் பெருவிழா நாளன்று பிரெஞ்சுக் கடலோடி பூகேன்வில் பசிபிக் மாக்கடலில் ஒரு தீவைக் கண்டார். அதற்குத் திருநாளின் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு மேற்கே உள்ள பெரிய தீவோ, 1606-இல் வந்த ஸ்பானிய மாலுமிகள் சூட்டிய பரிசுத்த ஆவியின் பெயரால் சாந்தோ என வழங்குகிறது. இவ்விரு தீவுகளும் இன்று வனுவாட்டு நாட்டைச் சேர்ந்தவை. அந்நாட்டின் முதல் பிரதமர் வால்டர் லினி, 1942-இல் பெந்தெகோஸ்துத் தீவில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர்.

அவர் பிறந்த காலத்தில் நாட்டின் பெயர் நியூ ஹெப்ரிடிஸ். 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் அதைக் கூட்டாக ஆண்டன. ஒரே ஊரில் இரண்டு காவல்துறை, இரண்டு சிறைச்சாலை, இரண்டு வகைப் பள்ளிக்கூடம்! மண்ணின் மக்களோ இரு நாட்டிலும் குடிமக்கள் அல்லர். நல்ல நிலங்களில் பெரும்பங்கு வெள்ளையரின் தென்னந்தோட்டங்களாகிவிட்டது. முன்னோரின் நிலத்தையே உயிராக மதிக்கும் மக்களுக்கு இதைவிடப் பெரிய துயரம் வேறென்ன?

சாலமோன் தீவுகளிலும் நியூசிலாந்திலும் இறையியல் பயின்று 1970-இல் குருப்பட்டம் பெற்ற லினி, மறு ஆண்டே நண்பர்களுடன் ஓர் அரசியல் கட்சியைத் தொடங்கினார். நிலமே அதன் முதல் கோரிக்கை. பின்னர் தம் திருச்சபையிடம் விடுப்புப் பெற்று முழுநேரமும் அப்பணியில் இறங்கினார்.

நம் பங்கு மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அங்கே கத்தோலிக்கர் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிகளில் பயின்றவர்கள். லினியின் கட்சியை ஐயத்துடனேயே பார்த்தனர். ஆயினும் 1978 இறுதியில் அமைந்த கூட்டு அரசில் கத்தோலிக்கக் குருவான தந்தை ஜெரார் லெய்மாங் முதலமைச்சர். லினி துணை முதலமைச்சர். இரு சபைக் குருக்கள் ஒரே அமைச்சரவையில்! 1979 நவம்பர்த் தேர்தலில் 39 இடங்களில் 26-ஐ லினியின் கட்சி வென்றது, அவர் முதலமைச்சரானார்.

1980 ஜூலை 30-இல் விடுதலை வந்தது. ஆனால் இரு மாதங்களுக்கு முன்பே சாந்தோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் என்பவர் தனி நாடு அறிவித்திருந்தார். அங்கு சென்ற பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கிளர்ச்சியை அடக்கவில்லை. லினி பப்புவா நியூ கினியின் உதவியை நாடினார். அந்நாட்டு வீரர்கள் வந்து கிளர்ச்சியை முடித்தனர். சாலைத் தடையை மீறி வந்த வண்டி சுடப்பட்டதில் ஸ்டீவன்ஸின் மகன் உயிரிழந்தான். பலிபீடத்தில் நின்ற கை, படையை அழைக்கக் கையொப்பமிட்டது. நாட்டின் ஒற்றுமைக்கு வேறு வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு குருவுக்கு அது எளிய சுமையாக இருந்திருக்குமா?

நிலத்தைப் பற்றிய வாக்கை அவர் காப்பாற்றினார். நாட்டின் நிலமெல்லாம் மரபுவழி உரிமையாளருக்கும் அவர்தம் வழித்தோன்றலுக்குமே உரியது என அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது. அணு ஆயுதங்களை எதிர்த்தார். நியூ கலிடோனியா, கிழக்குத் திமோர் மக்களின் விடுதலைக்காகவும் குரல் கொடுத்தார்.

பதவி நீண்டபோது குறைகளும் வெளிப்பட்டன. 1987-இல் மூளையில் இரத்தக்கசிவால் நோயுற்றார்; ஆயினும் பதவி விலகவில்லை. பழைய தோழர்களுடன் பகை மூண்டது. 1988-இல் பாரக் சோப்பேயை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 1991-இல் அவர் கட்சியே அவரை இறக்கியது. அவர் வேறு கட்சி கண்டு, முன்னாள் எதிரிகளுடன் கூட்டுச் சேர்ந்தார். இதைக் கண்டு வருந்தியோர் பலர். பின்னர் நீதித்துறை அமைச்சராகவும் இருந்தார்.

1999 பிப்ரவரி 21-ஆம் நாள் தலைநகர் போர்ட் விலாவில் காலமானார்.