ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் குறுநாடகங்களில் காதல் முரணும் அரங்க அமைப்பும்

சுவீடிய நாடகாசிரியர் ஆகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்க் (1849–1912) பணிப்பெண்ணாக இருந்த ஒருவரின் மகன். 1877இல் அவர் மணந்த சீரி ஃபொன் எஸ்ஸென் உயர்குடியில் பிறந்த நடிகை. இவ்வர்க்க இடைவெளியே 1888இல் அவர் எழுதிய ‘மிஸ் ஜூலி’யிலும் முரணாக அமைகிறது. பிரபுவின் மகளும் அவ்வீட்டுப் பணியாளனும் ஓரிரவில், ஒரு சமையலறையில் மோதுகின்றனர். இடைவேளை நாடக மயக்கத்தைக் கலைக்கும் எனக் கருதிய ஆசிரியர் அங்கப் பிரிப்பைத் தவிர்த்தார். சிறிய மேடையையும் சிறிய அரங்கையும் வேண்டினார்.

டென்மார்க்கில் தணிக்கைத் தடை எழவே, 1889 மார்ச்சில் கோப்பன்ஹேகன் மாணவர் மன்றத்தில் இந்நாடகம் தனிக்காட்சியாக நிகழ்ந்தது. ஜூலியாக நடித்தவர் சீரி. அதே மாதம் அந்நகரில் மேடையேறிய ‘வலிமை மிக்கவள்’ நாடகத்தில் ஓர் ஆணைக் குறித்து இரு பெண்கள் எதிர்நிற்க, ஒருத்தியே பேசுகிறாள். மற்றவளின் மௌனமே எதிருரையாகிறது. பேசும் பாத்திரத்தையும் சீரியே ஏற்றார். குலைந்துவந்த மணவாழ்வின் முரணைக் கணவர் எழுத, மனைவி நடித்தார். 1891இல் மணமுறிவு நேர்ந்தது.

அவர் வேண்டிய சிற்றரங்கு 1907இல், ஆகஸ்ட் ஃபால்க்குடன் இணைந்து ஸ்டாக்ஹோமில் நிறுவிய, 161 இருக்கைகள் கொண்ட ‘அணுக்க அரங்கா’க உருப்பெற்றது. ஆகவே, அவர்தம் குறுநாடகங்களில் முரண் கதைநிகழ்வில் மட்டுமன்றி, பூட்டிய வெளியிலும் மௌனத்திலும் பார்வையாளரின் அண்மையிலும் உருவாகிறது எனலாம்.