காலை வெட்டாமல் காப்பாற்றிய டாக்டர்... தன் இதயத்தைக் காப்பாற்ற முடியாத ஜான் ஹண்டர்!

முழங்காலை லேசாக மடக்கி, பின்பக்கக் குழியில் விரல்களை ஆழமாக அழுத்திப் பாருங்கள். ஒரு துடிப்பு தெரியும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் அது. 18-ம் நூற்றாண்டு லண்டனில் அந்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கிவிட்டால், ஆள் பிழைப்பதே கஷ்டம். வீக்கம் வெடித்தால் மரணம். தப்பிக்கணும்னா தொடையோடு காலை வெட்டணும். அதுவும் மயக்க மருந்தே இல்லாத காலத்தில்!

இந்த நிலையை மாற்றியவர் ஜான் ஹண்டர். 1728-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். வீட்டில் பத்தாவது பிள்ளை. படிப்பு ஏறவில்லை. 20 வயதில் லண்டனுக்கு வந்து, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய கைக்கு வேலை பிடித்துப்போனது. பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே அறுவை மருத்துவர் ஆனார்.

முக்கியக் குழாயைக் கட்டிவிட்டால் கால் அழுகிவிடும் என்பதுதான் அன்றைய டாக்டர்களின் பயம். ஹண்டர் புத்தகத்தை நம்பாமல் பிராணிகளிடம் போனார். நாயின் ரத்தக்குழாய்ச் சுவரை அடுக்கடுக்காக உரித்து, அது வீங்குகிறதா என்று பார்த்தார், வீங்கவில்லை, ஆறிவிட்டது. ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மானின் கொம்புக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தபோது, குளிர்ந்துபோன கொம்பு சில நாள்களில் மறுபடியும் சூடானதாக ஒரு கதையும் உண்டு. பெரிய வழி அடைபட்டால், பக்கத்துச் சின்னக் குழாய்கள் விரிந்து வேலையை ஏற்றுக்கொள்ளும் என்பதே இதன் பாடம். அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட வலியையும் நாம் மறந்துவிடக் கூடாது.

1785 டிசம்பரில், 45 வயது குதிரைவண்டிக்காரர் ஒருவர் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு வந்தார். ஹண்டர் வீக்கத்தைத் தொடவே இல்லை. வீக்கத்துக்குப் பக்கத்தில் குழாய் நோய்ப்பட்டிருக்கும். அங்கே கட்டினால் கிழிந்துவிடும். அதனால் மேலே, தொடையின் நடுவில், நல்ல நிலையில் இருந்த இடத்தில் குழாயைக் கட்டினார். கால் அழுகவில்லை. ஆறு வாரத்தில் அந்த மனிதர் தன் இரண்டு கால்களோடு வீட்டுக்குப் போனார். தொடையில் அந்தக் குழாய் செல்லும் பாதையை மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் ஹண்டர் கால்வாய் என்றே படிக்கிறார்கள்.

ஆனால், ஹண்டரின் சொந்த ரத்தக்குழாய்கள் அவரைக் கைவிட்டன. 1773-லிருந்தே நெஞ்சுவலி. கோபம் வந்தால் வலியும் வரும். அவரோ மூக்குக்கு மேல் கோபக்காரர்! அம்மைத் தடுப்பூசியால் பிறகு புகழ்பெற்ற அவருடைய சீடர் எட்வர்ட் ஜென்னர், இதயக் குழாய்களில்தான் கோளாறு என்று சந்தேகித்தார். குருவின் மனசு உடைந்துவிடுமே என்று சொல்லாமல் இருந்துவிட்டார்.

1793 அக்டோபர் 16. அதே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டத்தில் வாக்குவாதம். கோபத்தை அடக்கியபடி பக்கத்து அறைக்குப் போன ஹண்டர், அங்கேயே சரிந்து உயிர்விட்டார். உடலை அறுத்துப் பார்த்தபோது, இதய ரத்தக்குழாய்கள் எலும்புபோல இறுகிக் கிடந்தன. ஜென்னரின் சந்தேகம் சரிதான்.

நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகிறதா? மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஹண்டருக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று நமக்கு இருக்கிறது.