எல்லாப்பிரகடா சுப்பாராவ்

1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரி மாணவர்க்கு உடற்கூற்றியல் கற்பித்தார். உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துப் பலிகொண்ட ஸ்புரூ என்னும் குடல்நோய் அவரையும் வருத்தியது. ஆயுர்வேத மருத்துவமே அவரைக் காத்தது. ஆயினும் அந்நோயின் காரணம் விளங்கவில்லை.

விடை தேடி 1923இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழுவினர், 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். குடல்வாழ் நுண்ணுயிரிகள் சிலவும் ஆக்கும் அப்பொருளே ஸ்புரூ நோயாளரின் குருதிச்சோகையைத் தீர்த்தது. நம் ஊர்களில் யானைக்கால் நோய்க்கு வழங்கப்பெறும் மாத்திரையும் அக்குழுவினரின் ஆய்வில் விளைந்ததே. மண்வாழ் நுண்ணுயிரியினின்று எடுத்த ஆரியோமைசின் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே அவர் மறைந்தார்.