கீழாநெல்லியின் கசப்பும் பேராசிரியர் சேஷாத்திரியும்

கல்வராயன் மலையடியில் கோமுகி நதி பாயும் கச்சிராயபாளையத்துக் கழனி வரப்புகளில், மழைக்குப் பின் கீழாநெல்லி தானே முளைக்கிறது. உழவனுக்கு அது களை. காமாலை கண்ட வீட்டாருக்கோ மருந்து. அதன் கசப்பு எப்பொருளால் உண்டாகிறது என்று ரஸாயன முறையில் ஆராய்ந்த தமிழர் ஒருவர் உண்டு. பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி அவர்களே அவர்.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில், உபாத்தியாயர் ஒருவரின் புதல்வராக அவர் பிறந்தார். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் ரஸாயனத்தில் தேர்ச்சி பெற்றார். இராமகிருஷ்ண சங்கத்தில் சிலகாலம் தொண்டு புரிந்தபின் ஆராய்ச்சியில் இறங்கினார். 1927-ல் சீமைக்குச் சென்று, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்று, 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆஸ்திரியாவில் பிரேகல் என்னும் பேரறிஞரிடம், அணுவளவான பொருளையும் பகுத்து அளக்கும் வித்தையைக் கற்றார்.

1930-ல் தாயகம் திரும்பி, கோயம்புத்தூரில் மண்ணைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தை ஏற்றார். பின்னர் வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதியை உருவாக்கினார். யுத்த காலத்தில் கட்டிடங்கள் ராணுவத்தின் வசமாகவே, குண்டூருக்குப் பெயர நேர்ந்தது. ஆயினும் ஆராய்ச்சி நிற்கவில்லை. பருத்திப் பூ முதலிய நம் நாட்டுச் செடிகளின் நிறப்பொருள்களையும் சத்துக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1946-ல் ஜி. வி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து, கீழாநெல்லியின் கசப்புச் சத்தாகிய பிலாந்தினைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அது அச்சேறியது சீமைப் பத்திரிகையில் அன்று, சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டிலேயே.

பிலாந்தின், லிக்னான் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஒன்பது கரி அணுக்களை அடிப்படையாகக் கொண்ட கூறுகள் இரண்டு இணைந்து ஆவது இவ்வினம். அதன் அமைப்பை 1960-களில் அதே ஆந்திர சர்வகலாசாலையில் இராமச்சந்திர ரோ குழுவினர் விளக்கினர். சேஷாத்திரி 1949-லேயே டில்லி சர்வகலாசாலைக்குச் சென்றுவிட்டார். 1960-ல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், 1963-ல் பத்மபூஷணாகவும் கௌரவிக்கப்பெற்று, 1975 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார்.

அன்று செடியைக் காயவைத்து, சாறெடுத்து, பளிங்காக்கி, பல நாட்கள் முயன்று பெற்ற விடையை இன்று கருவிகள் சில நிமிஷங்களில் தருகின்றன. திரவ வண்ணப்பிரிகைக் கருவி சாற்றிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்புகிறது. நிறை நிறமாலைமானி அவற்றின் எடையை அறிவிக்கிறது. பிலாந்தினின் மூலக்கூற்று எடை 418. அதனுடன் காணப்படும் ஹைப்போபிலாந்தினுக்கு 430. கடையில் கீழாநெல்லி என்று விற்கும் சருகில் அதனை ஒத்த வேறு செடிகள் கலப்பதுண்டு. கண்ணை ஏமாற்றும் அக்கலப்பு, பெரும்பாலும் இக்கருவியை ஏமாற்ற இயலாது.

இது வெறும் பண்டித விவகாரமன்று. 1988-ல் சென்னை மருத்துவ அறிஞர்கள் கல்லீரலைத் தாக்கும் பி வகைக் கிருமிக்கு இச்செடி பயன்படக்கூடும் என்று அறிவித்தனர்; பின்னர் பிறவிடங்களில் நடந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எந்தச் செடி, எவ்வளவு சத்து என்பதே தெளிவாகாதவிடத்து, குணமுண்டு என்பாரும் இல்லை என்பாரும் இருட்டில் வாதிடுவோரேயாவர். நோயாளிக்கு அவ்வாதத்தால் பயனென்ன?

முன்னோர் அறிந்தனர் என்று பெருமை பேசுவது எளிது. அவர்கள் அறிந்ததை அளந்து காட்டுவதே அரிது. சேஷாத்திரி அவ்வரிய வழியில் நடந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மூலிகை மூட்டை ஒவ்வொன்றும் இன்ன செடி, இவ்வளவு சத்து என்ற சான்றுடன் இறங்குமாயின், உண்பவனுக்கு நம்பிக்கையும், பறித்த மலைவாசிக்கு உரிய விலையும் கிட்டும். அச்சான்றை எழுதும் ரஸாயனிகள் கச்சிராயபாளையத்துப் பள்ளிகளிலிருந்தே தோன்ற வேண்டும். குளித்தலையில் தோன்றியது இங்கே தோன்றாதென்பதற்கு நியாயமில்லை.