வீட்டுப் பராமரிப்பிலிருந்து செவிலியர் பயிற்சிக்கு: எடித் கேவல்

நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துக் கவனித்து வரும் உங்களில் சிலருக்குச் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் எழுந்திருக்கலாம். வயது கடந்துவிட்டதோ என்ற தயக்கமும் இருக்கலாம். எடித் கேவலும் அவ்வாறு இத்துறைக்கு வந்தவரே.

1865-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், நார்விச் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் மதகுரு ஒருவரின் மகளாகப் பிறந்தார். பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக ஐந்தாண்டுகள் பணிபுரிந்தார். 1895-இல் தந்தை கடும் நோயுற்றபோது ஊர் திரும்பி அவரைப் பராமரித்தார். செவிலியராகும் முடிவு அதன்பின் எடுக்கப்பட்டதே.

முதலில் இலண்டனில் ஒரு காய்ச்சல் மருத்துவமனையில் சில மாதங்கள் உதவிச் செவிலியராகப் பணியாற்றினார். விண்ணப்பிக்குமுன் இத்தகைய நேரடி அனுபவம் பெறுவது நன்று என்பது என் கருத்தும் ஆகும். 1896 செப்டம்பரில், தம் 30-ஆம் வயதில், இலண்டன் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். தலைமைச் செவிலியர் ஈவா லக்கஸ் இவரைக் குறித்து எழுதிய மதிப்பீடு உயர்வானதன்று. நேரந்தவறுபவர் என்னும் குறையும் அதில் இடம்பெற்றது. ஆயினும், 1897-இல் மெய்ட்ஸ்டன் நகரில் மாசடைந்த குடிநீரால் டைபாய்டு பரவியபோது அங்கு அனுப்பப்பட்ட செவிலியருள் இவரும் ஒருவர்.

1907-இல் பிரஸ்ஸல்ஸில் மருத்துவர் அந்துவான் தெபாஜ் தொடங்கிய செவிலியர் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். ஆசிரியையாக இருந்த காலத்தில் பழகிய பிரெஞ்சு மொழி அங்கே கைகொடுத்தது. முதல் உலகப் போரின்போது நேச நாட்டு வீரர் ஏறத்தாழ 200 பேர் தப்பிச் செல்ல உதவியதற்காக, 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.