பவுஸ்தோ கொப்பி

பந்தய நாளன்று வீதியின் இருமருங்கும் நெருங்கி நின்று ஆரவாரிக்கும் மக்கள் வெற்றியைக் காண்கின்றனரேயன்றி, அவ்வெற்றி விளைந்த இடத்தையும் காலத்தையும் காண்பதில்லை. ஒரு பந்தயம் முடிந்து மறு பந்தயம் தொடங்குமுன் கழியும் நாட்களே சைக்கிள் வீரனை ஆக்குவன, அழிப்பனவும் அவையே. இதனைத் தம் வாழ்வாலும், அந்தோ, தம் சாவாலும் உலகிற்குக் காட்டியவர் இத்தாலிய வீரர் பவுஸ்தோ கொப்பி. அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றேன்.

ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் சார்ந்தோர்க்கு இச்சரிதம் முற்றும் அயலானதன்று. ஓசூர் 1980 முதல் இருசக்கர மோட்டார் வண்டிகள் ஆக்கும் ஊர். விடியற்காலையில் கர்நாடக எல்லையைக் கடந்து, மெல்லிய சக்கரங்களையுடைய விலையுயர்ந்த சைக்கிள்களில் பெங்களூர்ப் பயிற்சியாளர் வரிசையாக வருவதையும், அதே வேளையில் சிப்காட் ஆலைகளின் முதல் ஷிப்டுக்குத் தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தொழிலாளர் பழைய சைக்கிள்களை மிதித்து விரைவதையும் அவ்வூரார் ஒருங்கே காண்கின்றனர். முன்னவர் பயில்கின்றனர், பின்னவர் பிழைக்கின்றனர். கொப்பி பின்னவர் கூட்டத்தினின்றும் எழுந்தவர்.

வட இத்தாலியில் பியத்மாந்து நாட்டுக் குன்றுகளிடையே உள்ள கஸ்தெல்லானியா என்னும் சிற்றூரில், ஏழைக் குடியானவர் குடும்பத்தில், 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இவர் தோன்றினார். மெலிந்த உடல், நீண்ட கால்கள், எளிதில் முறியும் எலும்புகள். நிலத்தில் உழைக்கத் தக்கவரென எவரும் இவரைக் கருதவில்லை. ஆகவே இளம் பிராயத்திலேயே நோவி லிகூரே என்னும் நகரில் ஓர் இறைச்சிக் கடையில் ஏவலாளாய் அமர்ந்தார். வாடிக்கையாளர் வீடுதோறும் சைக்கிளில் பொட்டலங்களைக் கொண்டு சேர்ப்பதே வேலை. மேடும் பள்ளமுமான அவ்வழிகளில் நாள்தோறும் மிதித்ததே இவர் பெற்ற முதற் பயிற்சி. வாணிபக் கப்பலில் தலைவராயிருந்த தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் அளித்த பணத்தால் பின்னர்ப் பந்தய சைக்கிள் ஒன்று வாய்த்தது.

அந்நகரிலே பியாஜியோ கவன்னா என்பார் ஒருவர் இருந்தார். புகழ்பெற்ற வீரர் ஜிரார்தெங்கோவின் உடலைப் பிடித்துவிட்டுப் பேணியவர். இடைக்காலத்தில் இரு கண்களின் ஒளியையும் இழந்தவர். கண்ணிழந்த அவர் கைகளாலேயே கண்டார். மாணவனின் தொடையையும் முதுகையும் தடவி, நாடியைப் பிடித்து, மூச்சைச் செவிமடுத்து, அவன் அன்று உண்மையாய் உழைத்தானா, மரநிழலில் படுத்துறங்கி வந்தானா என்று சொல்லிவிடுவார் என்பர். நம் நாட்டுக் குருகுலத்தை ஒத்தது அவரது பள்ளி. வைகறையில் எழவேண்டும், குன்றுகளைக் கடந்து நெடுந்தொலைவு மிதிக்கவேண்டும், திரும்பியதும் உடற்பிடிப்பு, அளவான உணவு, இருட்டியவுடன் உறக்கம். களியாட்டங்களுக்கு அங்கே இடமில்லை. கடையேவலாளாயிருந்த கொப்பியை ஆராய்ந்த அக்கைகள் அவருள் மறைந்திருந்த ஆற்றலை உடனே உணர்ந்துகொண்டன.

அப்பயிற்சியின் தத்துவத்தை ஈண்டுச் சிறிது விரித்தல் தகும். உழைப்பு உடலை வலுப்படுத்துவதன்று. உழைத்தபின் கொள்ளும் ஓய்வே வலுப்படுத்துவது. மிதிக்குங்கால் தசை நார்கள் நைகின்றன. உறக்கத்திலேயே முன்னிலும் உறுதியாய்ப் பின்னப்படுகின்றன. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்ட சர்க்கரைப் பொருள் கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஆதலின் இக்காலப் பயிற்சியாளரும் பல நாட்கள் மெல்லவும் நெடிதாகவும் மிதிக்கச் செய்து, சில நாட்களே கடுமையாக ஏவுகின்றனர். கொப்பிக்கு முற்பட்ட வீரர் பலர் இறைச்சியையே வலிமையின் ஊற்றென நம்பி வயிறு புடைக்க உண்டனர். கொப்பியோ தானியம், காய்கறி, பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பன்முறை உண்ணும் வழக்கத்தை மேற்கொண்டார். கேழ்வரகுக் களியை உண்டு நாளெல்லாம் உழைக்கும் எம் பகுதிக் குடியானவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது.

1940-இல், பெருவீரர் ஜீனோ பர்த்தாலிக்குத் துணைவராக இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் கொப்பி சேர்க்கப்பட்டார். தலைவர் தொடக்கத்திலேயே விழுந்து பின்தங்க, துணைவர் முந்தி, இருபது வயதில் முதற்பரிசைக் கொண்டார். அத்துணை இளம் வயதில் அப்பந்தயத்தை வென்றவர் இன்றுவரை பிறரிலர். பந்தயம் முடிந்த மறுநாள், ஜூன் 10-ஆம் தேதி, இத்தாலி போரில் இறங்கிற்று. 1942 நவம்பரில் மிலான் நகரப் பந்தயத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோமீட்டர் கடந்து உலக சாதனை நிறுவினார். பதினான்கு ஆண்டுகள் அது முறியாதிருந்தது. அடுத்த ஆண்டு படைவீரராய் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, துனிசியாவில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அப்போரில் பிடிபட்ட இத்தாலியர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அவருள் ஒரு பகுதியினர் நம் எல்லைக்கு அப்பால் பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் அடைபட்டிருந்தனர். கொப்பியோ ஆப்பிரிக்க முகாமிலேயே இருந்தார். ஓர் இளம் வீரனின் வளமிகு ஆண்டுகள் இவ்வாறு கம்பிவேலிக்குள் கழிந்தன.

1945-இல் விடுதலை பெற்றார். அடுத்த குளிர்காலம் முழுவதும் கவன்னாவின் ஆணைப்படி பயின்றார். 1946 மார்ச் 19-ஆம் நாள் மிலானிலிருந்து சான் ரேமோ வரை நடைபெற்ற பந்தயத்தில் தொடக்கத்திலேயே கூட்டத்தை விட்டு விலகி, மலைக் கணவாயைத் தனியே கடந்து, இரண்டாமவருக்குப் பதினான்கு நிமிடங்கள் முன்னதாக வந்து சேர்ந்தார். அவ்வெற்றியின் வித்து ஒருவரும் பாராத பனிநாட்களில் ஊன்றப்பட்டது. 1949-இல் கூனேயோவிலிருந்து பினரோலோ செல்லும் கட்டத்தில் ஐந்து மலைக் கணவாய்களை ஏறி, 192 கிலோமீட்டர் தனியே மிதித்து, பர்த்தாலியை ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களால் வென்றார். அவ்வாண்டு இத்தாலியச் சுற்றையும் பிரான்சுச் சுற்றையும் ஒருங்கே வென்றார். அதற்குமுன் எவரும் அதனைச் செய்திலர். 1952-இல் அதனையே மீட்டும் செய்தார்.

துணைவர் பலரின் உழைப்பும் அவ்வெற்றிகளில் கலந்துள்ளது. அவருள் காரெயா என்பார், நாஜிகளின் புக்கன்வால்டு சிறை முகாமினின்றும் உயிர்பிழைத்து வந்தவர்; கவன்னாவிடம் பயின்றவர். 1952 பிரான்சுச் சுற்றில், தலைவருக்குக் காவலாக முன்னோடிகளுடன் சென்றவர், எண்ணாமலே முதலிடம் எய்தி மஞ்சட் சட்டையைப் பெற்றார். தலைவருக்குரியதைத் தான் கவர்ந்ததாக எண்ணி அழுதார். மறுநாள் ஆல்ப் தூவே மலையில் கொப்பி முதலாவதாக ஏறி அச்சட்டையைத் தாம் அணிந்தார். பரிசு பெற்றோர் அழுவதைக் கேட்டிருக்கின்றோம். பெற்றதற்காகவே அஞ்சி அழுதவர் இவரொருவரே போலும்.

துன்பங்களும் குறைவில்லை. 1950-இல் இடுப்பெலும்பு முறிந்தது. 1951 ஜூனில் இவருடைய அன்புத் தம்பி செர்ஸே, தாமும் பந்தய வீரர், பந்தயமொன்றில் விழுந்து அன்றே இறந்தார். சின்னாட்களில் பிரான்சுச் சுற்றுக்குச் சென்ற கொப்பி, ஒரு நாள் வழியிலேயே தளர்ந்து அரைமணிக்கு மேல் பின்தங்கினார். துயரத்திற்கு எப்பயிற்சியும் மருந்தாகாது.

ஒளிக்கலாகாத இரண்டைக் கூறவேண்டும். ஊக்க மாத்திரைகளை உட்கொண்டதைக் கொப்பியே ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் அதனைத் தடுக்கும் சட்டமில்லை. எனினும் சட்டமின்மை நன்மைக்குச் சான்றாகாது. மற்றொன்று, மணமான அவர் மணமான வேறொரு மாதுடன் வாழத் தலைப்பட்டது. விவாகரத்துச் சட்டம் இத்தாலியில் 1970 வரை இல்லை; வழக்கு நீதிமன்றம் ஏறிற்று; அம்மாது சிறையும் கண்டார்; நாடே இரு கட்சியாய்ப் பிரிந்தது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பந்தயத்துக்குப் பயில்வோரின் இச்சையடக்கத்தை விசுவாசிகளுக்கு உவமையாக்கினார். உணவிலும் உறக்கத்திலும் அவ்வடக்கத்தை இவர்போற் காத்தவர் அரியர். இல்லறத்தில் அது இவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஆணுக்கு மன்னிப்பையும் பெண்ணுக்கு இகழ்ச்சியையும் மிகுதியாய்ப் பங்கிட்ட ஊராரை யான் மெச்சமாட்டேன்.

1953-இல் உலக வீரர் பட்டம் பெற்றபின் ஆற்றல் மெல்லக் குன்றிற்று. 1959 டிசம்பரில், பந்தயப் பருவம் ஓய்ந்த வேளையில், நண்பர் சிலருடன் மேற்கு ஆப்பிரிக்காவில் அக்காலத்தில் மேல் வோல்ட்டா எனப்பட்ட நாட்டுக்குச் சென்றார். ஒரு காட்சிப் பந்தயம், பின்னர் வேட்டை. விளையாட்டாய்க் கழிந்த நாட்கள். அங்கே கொசுக்கடியால் அவரும் நண்பர் ஜெமினியானியும் மலேரியா நோயுற்றனர். பிரான்சில் மருத்துவர் நோயை அறிந்து கொயினா அளிக்க, ஜெமினியானி பிழைத்தார். இத்தாலியில் கொப்பியின் நோயை வேறென்று கருதிவிட்டனர். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். கொயினா தரும் மரங்களோ அதற்கும் பல்லாண்டு முன்பே நம் நீலகிரியில் பயிராயின. அறுபது ஆண்டுகட்கு மேல் உலகம் அறிந்திருந்ததொன்று ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே அறியப்படாது போயிற்று. 1960 ஜனவரி 2-ஆம் நாள் காலை, தொர்த்தோனா நகரில், தமது நாற்பதாம் வயதில் கொப்பி காலமானார்.

தம் மாணவனை அடக்கம் செய்யக் கண்ட கவன்னா 1961-இல் மறைந்தார். கொப்பி தம்பி செர்ஸேயுடன் பிறந்த குன்றிலேயே துயில்கின்றார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 2019-இல் அச்சிற்றூர் கஸ்தெல்லானியா கொப்பி என்னும் பெயரைப் பெற்றது.