புள்ளியில்லா ஏடும் ஒரு பேராசிரியரும்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடு தேடி அலைந்த வரலாறு நம் வாசகர் அறிந்ததே. அவரை ஆசிரியராக வைத்து நோக்குவோர் சிலரே. வகுப்பறையிலும், பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியரிடையேயும் வாழ்நாளைக் கழித்த நமக்கு அந்த நோக்கே பெரிதாகப் படுகிறது.

1855ஆம் ஆண்டு பிறந்த ஐயரவர்கள் இசைவாணரான வேங்கடசுப்பையரின் மைந்தர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்து, 1876இல் அவர் மறையும்வரை உடனிருந்தார். ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல, ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவதே அந்நாளைய பாடம். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவரது பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். செய்யுளை இராகத்தோடு பாடிப் பொருள் சொல்லும் அவர் முறை மாணாக்கரைக் கட்டிப்போட்டது.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொல்ல, முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். ஐயரவர்கள் இல்லையென்று ஒப்புக்கொண்டு, அவரிடமிருந்தே பிரதி பெற்று வந்தார். பெரும்புலவரிடம் பயின்று கல்லூரியில் அமர்ந்துவிட்ட ஒருவருக்கு அந்த ஒரு சொல் எளிதன்று.

பிரதியைப் பிரித்தபின் வேறொரு தடை எழுந்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் தோன்றாது. 'கொடி'யும் 'கோடி'யும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவாதலின் 'காடு' என்பதைக் 'கரடு' என்றும் படிக்கலாம். செய்யுள் எங்கே முடிகிறது, நச்சினார்க்கினியர் உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளமில்லை. பொருளை முன்னமே அறிந்தவருக்கே ஏடு வாய் திறக்கும். தமிழில் வல்லவராயினும் ஐயரவர்களுக்குச் சமண சமயக் கருத்துகள் புதியவை. உரையில் வரும் மரபுச் சொற்கள் பல பிடிபடவில்லை.

கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடினார். அவர் சென்ற ஒரு நாளில் வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விழாவென்று கேட்டார். பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதற்கான கொண்டாட்டம் அது! தாம் ஒரு சொல்லுக்குப் பொருள் காணாமல் திகைத்த நூலை இல்லறத்தார் பாராயணம் செய்து வந்ததைக் கண்டு வியந்தார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பகலில் கல்லூரியில் ஆசிரியர்; நம்மவர் திண்ணையில் மாணாக்கர்.

இவ்விடத்தில் நம் குறையொன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. உத்திரமேரூர் வட்டத்துப் பள்ளியொன்றில் சிந்தாமணிப் பாடம் நடத்துகையில், சீவகனுக்குக் கலைகள் யாவும் கற்பித்த அச்சணந்தி முனிவர் ஏன் அவனைப் பிரிந்து சென்றார் என்று மாணவியொருத்தி கேட்டாள். அது பாடத்தில் இல்லையென்று அமர்த்திவிட்டோம். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. அன்றிரவு, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் மாமனார் முழுக்கதையும் சொன்னார்: யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்திய முனிவருக்குச் சீவகன் கையால் அளித்த உணவினால் நோய் தணிந்ததும், அந்நன்றிக்காகவே அவர் ஆசிரியரானதும், பிறப்பின் உண்மையை உணர்த்தி ஓராண்டு பொறுக்கச் செய்து தவத்துக்கு மீண்டதும். சமணக் குடியில் பிறந்த நம் வீட்டிலேயே விடை இருந்தது, நாம்தான் கேட்கவில்லை. மறுநாள் அப்பெண்ணிடம் சொன்னோம். ஆயினும் முதல்நாள் அவள் தலைகுனிந்து அமர்ந்த கோலம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

சிந்தாமணி 1887இல் அச்சில் வெளிவந்தது. அச்சுப்பொறியே அக்காலத்தின் புதுக்கருவி. வேறு நூல்கள் பல முன்னரே அச்சேறியிருந்தன; எனினும் ஐயரவர்கள் அக்கருவியை ஆண்ட விதம் வேறு. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தார்; செய்யுளையும் உரையையும் பிரித்துப் புள்ளியிட்டார்; கதைச் சுருக்கமும் நூலாசிரியர் வரலாறும் உரையாசிரியர் வரலாறும் சேர்த்தார். பின்வந்த பதிப்புகளில் அரும்பத அகராதியும் ஒப்புமைப் பகுதிகளும் பெருகின. ஆசிரியரின்றித் தனித்துப் பயிலும் மாணாக்கன் எங்கே இடறுவான் என்று எண்ணி, அங்கங்கே ஒரு விளக்கு வைத்ததுபோன்ற பணி. புள்ளி எங்கே வேண்டுமென்பதை எந்தப் பொறியும் அறியாது. அவர் அறிந்து சொன்னார். பொறி அதை ஊரெங்கும் கொண்டு சென்றது. 1898இல் மணிமேகலையைப் பதிப்பிக்கும்போது பௌத்தக் கருத்துகளுக்காக ரங்காசாரியரிடம் மீண்டும் மாணாக்கரானார்.

இந்நாளில் வகுப்பறைக்குத் திறன்பலகை வந்துவிட்டது. பாடநூலில் க்யூஆர் குறியீடு அச்சிடப்படுகிறது. கைப்பேசியைக் காட்டினால் காணொளி ஓடுகிறது. நாம் இவற்றை வெறுப்பவரல்லேம். 2020இல் பள்ளிகள் அடைபட்டபோது கல்வித் தொலைக்காட்சி செய்த உதவியைச் சிற்றூர்ப் பிள்ளைகள் அறிவர். பயிற்சி மாணவியர் நம்மைக் காண வந்தால் ஒன்று மட்டும் கேட்பதுண்டு: அக்காணொளியை நீங்கள் முன்னரே பார்த்தீர்களா, அதில் உங்களுக்கு விளங்காத இடம் எது? பலர் விழிப்பர். ஒருத்தி மட்டும் நெற்பயிர் பற்றிய காணொளியில் தனக்குப் புரியாததைத் தன் பாட்டியிடம் கேட்டு வந்ததாகச் சொன்னாள். அவளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டோம்.

ஐயரவர்கள் 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும், 1924 முதல் மூன்றாண்டுகள் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகவும் பணிபுரிந்தார். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தமக்கு வேலை வாங்கித் தந்த செட்டியாரை நினைந்து தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். 1942இல் போர் அச்சத்தால் சென்னையைவிட்டு நம் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்துக்கு வந்து தங்கினார். ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் திரட்டிய சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் உள்ளன. பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், புள்ளியில்லாத ஓலையொன்றை அவர்களுக்குக் காட்டிப் படிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.